ஆராய்ச்சிக்கு எடுத்துட்டாங்க

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஸ்கொலர்சிப் என்றால் ஒன்றே ஒன்றுதான்: ஐந்தாம் வகுப்பில் எழுதுகிற பரீட்சை. பாஸான பிள்ளைக்கு மாலை போட்டு, தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் லயமாகக் கூட்டிப் போவார்கள். பெயிலான பிள்ளைக்கு அடுத்த தீபாவளி வரைக்கும் சொல்லிக் காட்டுவார்கள். நான் பெயிலான கூட்டம். அதனால், பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு புலமைப்பரிசில் கிடைக்கலாம் என்று நான் சொன்னதும், பக்கத்துக் காம்பரா வீட்டில் இருக்கும் பெரியம்மா தாடையில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

"அன்னைக்கி எழுதுனியே புள்ள, அதுவா இப்பதான் வருது?"

இல்லை பெரியம்மா, இது வேறு என்றேன். வேறு என்றால் என்ன என்று விளக்கப் போய் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். விஞ்ஞானமும் கணிதமும் பொறியியலும் படிக்கிற பிள்ளைகளில், பட்டம் வாங்கிய கையோடு வேலை தேடி ஓடாமல், ஆராய்ச்சி செய்தே வாழப் பிரியப்படுகிறவர்களைத் தேடிப் பிடித்துத் தாங்குவதற்கு ஒரு நிதியம் இருந்தது. பட்டம் முடியும்வரை படிப்புச் செலவு அவர்களுடையது. விடுமுறை வந்தால் வீட்டில் படுத்துக் கிடக்காமல் ஆய்வுகூடத்தில் வேலை செய்ய வேண்டும். பட்டம் முடிந்ததும் நேரே மேற்படிப்புக்குப் போக வேண்டும். நடுவில் அந்த நியமனம் வந்தது, இந்த உத்தியோகம் வந்தது என்று கழன்றுகொள்ளக் கூடாது. இதற்கு மாணவர் மட்டும் தலையாட்டினால் போதாது. வீட்டிலிருந்து ஒருவர் நேரில் வந்து, சரி என்று கையெழுத்து வைக்க வேண்டும்.

பெரியம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப வேல இல்லியா?" என்றார். அம்மாவும் அதையேதான் கேட்டாள். ஆனால் அம்மா கேட்டால் அதோடு நிற்காது.

"படிச்சி முடிச்சதுக்கப்புறமும் படிப்பா? ஒழுங்கா டீச்சர் வேல குடுக்குறாங்க, வாங்கிக்கிட்டு நம்ம ஸ்கூலுக்கே வந்துரு. அந்தக் கையெழுத்துக் கிய்யெழுத்தெல்லாம் என்னால வைக்க ஏலாது."

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையேறுகிறவளுக்கு, குடையைப் பிடித்துக்கொண்டு சேலை நுனி நனையாமல் பள்ளிக்கூடம் போகிற டீச்சரைவிட உயர்ந்த மனுஷி எங்கள் பக்கத்தில் யாரும் கிடையாது. அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். வீட்டு விஷயங்களில் அவருக்கு ஒரே கொள்கைதான்: ஒங்கம்மா சொன்னா சரி. ஆகவே அம்மா சரி என்றால் எனக்கு அந்தப் புலமைப்பரிசில். மாட்டேன் என்றால் அதோடு போச்சு. விண்ணப்பம் அனுப்பிவிட்டு, வருகிறபோது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

எனக்கு அது ஏன் வேண்டும் என்பதற்குக் காரணம் மிஸ்ட். மூடுபனி என்று எழுத்தில் எழுதலாம். எங்கள் வாயில் அது மிஸ்ட்டுதான். எங்கள் லயம் இறம்பொடைக்கு மேலே ஒரு மலையின் தோளில் இருக்கிறது. பகல் சாய்கிற நேரத்தில் பள்ளத்தாக்கிலிருந்து மிஸ்ட் ஏறி வரும். முதலில் எதிர்மலை போகும். பிறகு கோயில் போகும். பிறகு தண்ணீர்க் குழாய், அதற்குப் பிறகு வாசலில் நிற்கிற கோழி. கடைசியில் நீட்டிய கை மட்டும் மிச்சமிருக்கும். மலையிலிருந்து திரும்பி வருகிற பெண்களின் பேச்சு முதலில் வரும், ஆட்கள் பிறகு வருவார்கள். யாரோ சிரிப்பார்கள், யார் என்று தெரியாது. சின்ன வயதில் அதற்குள் நின்றுகொண்டு, உலகத்தை யாரோ அழித்துவிட்டுத் திரும்ப வரைகிறார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் கோழி சரியான இடத்தில் வரையப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பேன்.

பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் ஒரு விரிவுரையில், மிஸ்ட்டின் துளி மிகச் சிறியது, அது விழாது, எதிலாவது போய் முட்டும் வரைக்கும் மிதந்துகொண்டே இருக்கும் என்று சொன்னார்கள். மற்றவர்கள் குறிப்பெடுத்தார்கள். நான் பேனாவை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விழாத தண்ணீர்! எங்கள் தோட்டத்து அலுவலகத்தில் மழைமானி ஒன்று உண்டு. மிஸ்ட் மட்டும் வந்த நாளில் அதில் ஒன்றுமே இருக்காது, மழை இல்லை என்று எழுதி வைப்பார்கள். ஆனால் அதே நாளில் யூகலிப்டஸ் மரங்களுக்குக் கீழே நடந்தால் தலை நனையும், மண் சொதசொதவென்று இருக்கும். அப்படியானால் அந்தத் தண்ணீர் எந்தக் கணக்கில் சேருகிறது? இந்தக் கேள்வி எனக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது, பிறகு எழுந்து போகவே இல்லை.

விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தபோது, நாற்று மேடையில் கழித்துப் போட்ட பச்சை வலை ஒன்றைக் கேட்டு வாங்கி, லயத்துக்குப் பின்னால் இரண்டு கம்புகளுக்கு நடுவே இழுத்துக் கட்டினேன். வலையில் முட்டுகிற துளிகள் ஒன்றுசேர்ந்து வழிந்து கீழே ஒரு தகரப் பீலியில் விழ வேண்டும், பீலியிலிருந்து போத்தலுக்கு வர வேண்டும். முதல் நாள் போத்தல் நிறையத் தண்ணீர். எனக்குத் தலைகால் புரியவில்லை. மிஸ்ட் இவ்வளவா கொடுக்கும் என்று ஓடிப்போய்ப் பார்த்தால், அம்மா கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்கை அலசி, அதன்மேல் காயப் போட்டிருந்தாள். கொடி கட்டுனது நல்லதாப் போச்சு என்று எனக்கு ஒரு பாராட்டும் கிடைத்தது. அது கொடி இல்லை என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் அப்பாவின் சட்டையும் ஏறிவிட்டது.

நேர்முகத் தேர்வு போனில் நடந்தது. எங்கள் லயத்தில் சிக்னல் கிடையாது. மேலே கொழுந்து நிறுக்கிற மடுவத்தில்தான் கிடைக்கும். நான் தலைவாரிப் பவுடர் போட்டு, நல்ல சட்டை உடுத்திக்கொண்டு அங்கே போய் நின்றேன். கொழும்பில் மூன்று பேர் திரைக்குள் வந்தார்கள். அந்த நேரம் பார்த்து மிஸ்ட்டும் வந்தது. மடுவத்தின் திறந்த பக்கத்தால் நுழைந்து என்னை மூடிவிட்டது.

கேமராவைத் திறக்கும்படி ஒருவர் சொன்னார். திறந்துதான் இருக்கிறது சேர் என்றேன். இன்னொருவர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். மூன்றாமவர் ஒரு பெண். நீங்கள் எங்கேதான் இருக்கிறீர்கள் என்று கேட்டார். நான் பயத்தில் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"நான் செய்ய விரும்புகிற ஆராய்ச்சிக்குள் நிற்கிறேன் மேடம்."

மூன்று பேரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு முகம் தெரியாமலே பேசினோம். மழைமானியைப் பற்றிச் சொன்னேன், பச்சை வலையைப் பற்றிச் சொன்னேன், படங்கைப் பற்றிக்கூடச் சொன்னேன். எங்கள் மலையிலிருந்து இறங்கி கொத்மலை நீர்த்தேக்கத்துக்குப் போகிற தண்ணீரில் மழை எவ்வளவு, மிஸ்ட் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க ஆசை என்றேன். ஆங்கிலம் நடுநடுவே காலை வாரியது. ஆனாலும் யாரும் பார்க்காததால் எனக்கு வெட்கம் வரவில்லை. பேசி முடித்தபோது மிஸ்ட் விலகிக்கொண்டிருந்தது. கடைசியாக ஒரு கணம் அவர்கள் என் முகத்தைப் பார்த்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். போட்ட பவுடரெல்லாம் கரைந்து வழிந்திருந்தது.

சில நாள் கழித்து அதே மடுவத்தில் நிற்கும்போது அவர்களிடமிருந்து அழைப்பு வந்தது. சனிக்கிழமை பல்கலைக்கழகத்துக்கு, வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். நான் தேயிலைச் செடிகளுக்கு நடுவே குறுக்குப் பாதையில் கண் மண் தெரியாமல் ஓடி வந்தேன். அம்மா அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா! ஆராய்ச்சிக்கு எடுத்துட்டாங்கம்மா!"

சண்டைக்குத் தயாராகத்தான் வந்திருந்தேன். ஆனால் அம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது. மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னா சொன்ன? திருப்பிச் சொல்லு."

"ஆராய்ச்சிக்கும்மா. என்னைய எடுத்துட்டாங்க."

"ஒன்னையவா? நெசமாவா?"

ரொட்டி கருகியது. அம்மா அதைக் கவனிக்கவே இல்லை. மாவுக் கையோடு என் இரண்டு கன்னத்தையும் பிடித்தாள். அவள் கண் கலங்கி நான் பார்த்தது குறைவு. சந்தோஷத்தில் கலங்கி அன்றுதான் பார்த்தேன்.

"எங்க வந்து கையெழுத்து வைக்கணும், சொல்லு. இப்பயே வாறேன்."

என் பிடிவாதம் ஜெயித்துவிட்டது என்று நினைத்தேன். தெரிவுசெய்யப்பட்டேன் என்று கேட்டதும் அம்மாவுக்கும் மனசு மாறிவிட்டது என்று நினைத்தேன். அந்த வாரம் முழுவதும் நான் தரையில் நடந்ததாக ஞாபகமில்லை. விடிகிறபோது, வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டுக்குக் கூப்பிடுகிற சத்தம் கேட்கும். அரைத் தூக்கத்தில் அதுவும் எனக்கு நல்ல செய்தியாகவே கேட்கும். எதைப் பார்த்தாலும் துளியாகத் தெரிந்தது. சிலந்திக் கூட்டில், மாட்டின் மயிரில், அம்மா போர்த்திக்கொள்கிற கம்பளியின் நூலில் மிஸ்ட் முட்டி முட்டி மணியாகத் தொங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தேத்தண்ணி ஆறிப்போகும், ஆறியதையே குடிப்பேன்.

அம்மாவும் கனவில்தான் இருந்தாள். வேலை செய்துகொண்டே திடீர் திடீரென்று ஏதாவது கேட்பாள்.

"ஏன் புள்ள, சிங்களத்துல நல்லா எழுதிருவியா?"

"அங்க எல்லாமே இங்கிலிஷ்தாம்மா."

"இங்கிலிஷா!" என்று அம்மா வாயில் கை வைத்தாள். "அப்ப இன்னும் பெரிசா?"

இன்னொரு நாள், எந்த ஊருக்குப் போடுவார்கள் என்று கேட்டாள். ஆராய்ச்சிக் களத்தைக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, மிஸ்ட் எங்கே இருக்கிறதோ அங்கேதான் என்றேன். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அப்ப இங்கதான். நம்ம ஆளுகளுக்கு நல்ல காலம் வந்திருச்சு."

மழை நீரின் கணக்கு வழக்கில் அம்மாவுக்கு இவ்வளவு அக்கறையா என்று எனக்கு ஆச்சரியம். என் துறையின் பெருமை என்று எடுத்துக்கொண்டேன். கனவில் இருப்பவர்களுக்குக் காது சரியாகக் கேட்காது, எனக்கும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை பெரியம்மா ஒரு கட்டு லீக்ஸோடு வந்தார். வழக்கமாகக் காம்பராவுக்குள்ளேயே வந்து அடுப்பு ஓரத்தில் குந்துகிறவர், அன்று வாசல் பக்கத்து இஸ்தோப்பிலேயே நின்றுகொண்டார். லீக்ஸை இரண்டு கையாலும் நீட்டினார். என்ன பெரியம்மா புது மரியாதை என்று கேட்டேன்.

"மரியாத குடுக்கத்தானே வேணும். பாப்பா, எம் பேரனுக்கு ஐடி எடுக்கணும். போற நேரமெல்லாம் இன்னைக்கி வா, நாளைக்கி வாங்குறாங்க. நீ அந்த நாக்காலியில ஒக்காந்தொடன மொதல்ல எங்களுக்கு ஒரு சீல் குத்திக் குடுத்துரு."

"எந்த நாக்காலி?"

"ஆராச்சி நாக்காலிதான், வேற எது? ஒங்கம்மா சொல்லிச்சு. ஒன்னைய ஆராச்சிக்கு எடுத்துட்டாங்களாமே."

அடையாள அட்டைக்கும் சான்றிதழுக்கும் சீல் வைக்கிற கிராம உத்தியோகத்தரை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் ஆராச்சி என்றுதான் சொல்வார்கள். பதவியின் பெயர் மாறி எவ்வளவோ காலமாகிவிட்டது. சிங்களத்திலிருந்து வந்த அந்தப் பழைய பெயர் மட்டும் லயங்களை விட்டுப் போகவில்லை. நான் சொன்ன ஆராய்ச்சியில் ஒரு 'ய்' இருக்கிறது. ஆனால் அது எழுதும்போதுதான் நிற்கும். பேசும்போது எங்கள் யாருடைய வாயிலும் நிற்காது, அன்று என் வாயிலும் நின்றிருக்காது. அதுவரை அம்மாவிடம் நான் அதைப் படிப்பு என்றுதான் சொல்லியிருந்தேன், அந்த வார்த்தையை அவள் என் வாயால் கேட்டது அன்றுதான்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பெரியம்மா போன பிறகு கோபம் வந்தது. யார்மேல் என்று சொல்லத் தெரியவில்லை. அந்த எழுத்தின்மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோபம் தணிந்த பிறகு வந்ததுதான் மோசம். அம்மா ஏன் அழுதாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அம்மாவின் பிறப்புச் சான்றிதழில் இருக்கிற பெயருக்கும் அடையாள அட்டையில் இருக்கிற பெயருக்கும் ஓர் எழுத்து வித்தியாசம். தமிழ் தெரியாத யாரோ தன் காதில் விழுந்தபடி சிங்களத்தில் எழுதிவிட்டார். அதனால் எந்தக் காரியமாக இருந்தாலும், இந்தப் பெயர்க்காரியும் அந்தப் பெயர்க்காரியும் ஒரே ஆள்தான் என்று ஆராச்சியிடம் எழுதி வாங்க வேண்டும். வேலையை விட்டுவிட்டு, மலை இறங்கிப் போய், வரிசையில் நின்று, தெரிந்த கொஞ்சம் சிங்களத்தில் நான் நான்தான் என்று சொல்ல வேண்டும். என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது அப்படிச் சொன்னாள். தாத்தா செத்தபோதும் சொன்னாள். சின்னப்பிள்ளையாக அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நான் கூடப் போயிருக்கிறேன். திரும்பி வரும் வழியில் அம்மா யாரோடும் பேச மாட்டாள்.

அப்படிப்பட்டவளிடம் போய், அந்த நாற்காலியில் உட்காரப் போகிறேன் என்று நான் சொல்லியிருக்கிறேன்.

அப்பாவைத் தேடித் தொழிற்சாலைப் பக்கம் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் ஆச்சரியப்படவில்லை.

"எனக்கு ரெண்டு நாளாத் தெரியும்," என்றார்.

"தெரிஞ்சிக்கிட்டா சும்மா இருந்தீங்க?"

"அவ பாட்டுப் படிச்சிக்கிட்டு சமைக்கிறா. கல்யாணம் கட்டுன நாள்லருந்து நான் அதக் கேட்டதில்ல. எப்புடி சொல்றது?" அப்பா தேயிலைத் தூள் படிந்த தலையைச் சொறிந்தார். "நாளைக்கி கையெழுத்த வாங்கிக்க. அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம். நீ ஒன்னும் பொய் சொல்லலியே. அவ காதுல அப்புடி விழுந்திருச்சு."

அப்பா சொன்னதில் நியாயம் இருந்தது. சனிக்கிழமை முடிந்துவிட்டால் புலமைப்பரிசில் என்னுடையது. ஆனால் அம்மா சொன்ன சரி எனக்குச் சொன்னது அல்ல. நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற வேறு ஒரு மகளுக்குச் சொன்னது. அதை நான் எடுத்துக்கொண்டால், ஆராய்ச்சி செய்கிற நாளெல்லாம் அம்மாவின் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? அதோடு, அங்கே முன்பின் தெரியாத ஆட்கள் முன்னால் விஷயம் உடைந்தால் அம்மா எவ்வளவு குன்றிப்போவாள்! சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். சொன்னால் எல்லாம் போய்விடும் என்றும் தெரிந்தது.

சனிக்கிழமை விடிந்தும் விடியாமல் புறப்பட்டோம். திருவிழாவுக்கு எடுத்த சேலையை அம்மா உடுத்தியிருந்தாள். லயத்திலிருந்து பஸ் வருகிற ரோட்டுக்கு மலைப்பாதையில் நல்ல நடை. மிஸ்ட் கொட்டிக்கிடந்தது. எனக்கு முன்னால் நடக்கிற அம்மாவின் கொண்டை தெரிந்தது, பிறகு அதுவும் தெரியவில்லை, குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. பெரிய ஆளாகிவிட்டாலும் லயத்து ஆட்களைக் காக்க வைக்கக் கூடாது என்று எனக்குப் புத்தி சொல்லிக்கொண்டே போனாள். முகம் தெரியாத இடத்தில் பேசுவது எனக்குப் பழகிய ஒன்று. மடுவத்தில் அன்று நின்றதுபோலவே நின்றுகொண்டு சொன்னேன்.

"அம்மா, என்னைய ஆராச்சி வேலைக்கு எடுக்கல."

காலடிச் சத்தம் நின்றது.

"இது வேற ஆராய்ச்சிம்மா. ஒன்னையப் பத்தி நல்லாத் தேடிப் பாத்துக் கண்டுபிடிக்கிற படிப்பு. நான் இந்த மிஸ்ட்டப் பத்திப் படிக்கப் போறேன். வேல இல்ல. நாக்காலி, சீல் ஒன்னும் இல்ல."

ஏன் 'ஒன்னையப் பத்தி' என்று சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. ஏதோ ஒன்றைப் பற்றி என்று சொல்ல வந்து நாக்குக் குழறிவிட்டது. எங்கேயோ கீழே அருவி விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. அம்மா திரும்பிப் போய்விட்டாளோ என்றுகூட நினைத்தேன்.

"அப்ப அந்த ஆபீசுல நீ இருக்க மாட்ட?"

"மாட்டேம்மா."

"இனிமே ஒரு நாளும்?"

"இல்லம்மா."

"நான் ஒன்னு நெனச்சி வச்சிருந்தேன்," என்றது மிஸ்ட்டுக்குள்ளிருந்து வந்த குரல். "நீ போய் ஒக்கார்ற மொத நா, மொத ஆளா நான் வந்து வரிசையில நிக்கணும்னு. எனக்கு ஒன்னும் வேணாம். நீ பேரு என்னான்னு கேப்ப. நான் சொல்லுவேன். நீ சரியா எழுதுவ. அம்புட்டுத்தான். அப்புறம் வீட்டுக்கு வந்துருவேன்."

அம்மா என்று கூப்பிட்டேன். வளைவில் பஸ்ஸின் ஹார்ன் கேட்டது. காலடிச் சத்தம் மறுபடி தொடங்கியது, ஆனால் ரோட்டுப் பக்கமா லயத்துப் பக்கமா என்று எனக்குத் தெரியவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால், அம்மா ரோட்டோரத்தில் பஸ்ஸுக்குக் கை காட்டிக்கொண்டு நின்றாள்.

கண்டிப் பஸ்ஸில் ஏறினால் அம்மா உடனே தூங்கிவிடுவாள். அன்று தூங்கவில்லை. அவள் ஜன்னலோரம், நான் பக்கத்தில். வருகிறாளே தவிர எதற்கு வருகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. அங்கேயே வந்து, முடியாது என்று சொல்லிவிட்டுப் போவதற்காகவும் இருக்கலாம். கேட்கப் பயமாக இருந்தது. பஸ் வளைந்து வளைந்து இறங்கியது. புசல்லாவையைத் தாண்டியபோது மிஸ்ட் மேலே நின்றுவிட்டது, வெயில் வந்தது, அம்மாவின் முகம் தெரிந்தது. அழுததாகவும் தெரியவில்லை, அழாததாகவும் தெரியவில்லை. சரி, டீச்சராகவே ஆகிவிடுகிறேன் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். குடையைப் பிடித்துக்கொண்டு தேயிலைக்கு நடுவே நடந்தும் பார்த்தேன். அந்த வாழ்க்கையும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதில் நான் நடந்துகொண்டே மரத்தடி மண்ணைக் குனிந்து குனிந்து பார்த்தேன், பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேரவே இல்லை.

பல்கலைக்கழகத்தில் ஒரு சின்ன அறை. நிதியத்திலிருந்து வந்திருந்த பெண் யாழ்ப்பாணத்துக்காரர், என் அம்மா வயது இருக்கும். எழுந்து நின்று எங்களை வரவேற்றார். அம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். அவர் நிபந்தனைகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். பட்டம் முடிந்த பிறகும் நான் வேலைக்குப் போக முடியாது என்பதை இரண்டு தடவை சொன்னார். பிறகு பேனாவை மேசையில் வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

"மகள் என்ன செய்யப் போறா எண்டு உங்களுக்கு விளங்குதோ அம்மா? விளங்காமல் நீங்கள் கையெழுத்து வைக்கக் கூடாது."

நான் தரையைப் பார்த்தேன். இனி என் கையில் எதுவும் இல்லை.

"காலையில வரைக்கும் வெளங்குதுன்னு நெனச்சிக்கிட்டிருந்தேங்க," என்றாள் அம்மா. "இப்ப வெளங்கல."

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். பேனாவைத் திரும்ப எடுக்கப் போனார்.

"அவளுக்கு வெளங்குது," என்றாள் அம்மா, கொஞ்சம் அவசரமாக. "நான் சரின்னு சொன்னது எனக்கு ஆசையான ஒரு வேலைக்கிங்க. அது இது இல்லியாம். ஏங்கிட்டச் சொல்லாம இருந்திருந்தா இந்நேரம் கையெழுத்து வாங்கியிருப்பா. சொல்லிட்டா. அப்புடிச் சொல்ற புள்ள கேக்குறத நான் எப்புடிங்க இல்லன்னு சொல்றது? எந்த எடத்துல வைக்கணும், காட்டுங்க."

அவர் காட்டிய இடத்தில் அம்மா குனிந்தாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அம்மா கையெழுத்து வைத்து முடிக்கும்வரை நிமிரவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, சேலைத் தலைப்பை எடுத்துக் கொடுத்து, "மூக்கத் தொடச்சிக்க, ஆளுங்க பாக்குறாங்க," என்றாள்.